கேட்கும் விலை வேறு, கைமாறிய விலை வேறு
பழைய நாணயம், தபால்தலை, இசைத்தட்டு வாங்குவோரும் விற்போரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

மாதா வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த 5 ரூபாய் நாணயத்துக்குப் பத்து லட்சம். டிராக்டர் படம் போட்ட பழைய 5 ரூபாய் நோட்டுக்கு இரண்டு லட்சம். வரிசை எண் 786-இல் முடிந்தால் நீங்கள் சொல்வதுதான் விலை. இப்படிப்பட்ட வீடியோக்கள் யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஆதாரமாக ஏதோ ஓர் இணையதள விளம்பரத்தின் படத்தைக் காட்டுவார்கள். அதில் பத்து லட்சம் என்று போட்டிருப்பது உண்மைதான். ஆனால் அது விற்பவர் கேட்கும் விலை. அந்தத் தொகையைக் கொடுத்து ஒருவர் வாங்கினாரா என்ற தகவல் அந்தப் பக்கத்தில் எங்கும் இருக்காது.

சேகரிப்புப் பொருள் சந்தையில் நடக்கும் ஏமாற்றுகளில் பெரும்பகுதி இந்த ஒரு மறைவில்தான் தொடங்குகிறது. அரிசிக்கும் சோப்புக்கும் அதிகபட்ச விலை அச்சிட்டிருக்கும். பழைய நாணயத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. அதன் மதிப்பை அறிய ஒரே வழி, அதே நாணயம், அதே தரத்தில், சமீபத்தில் எவ்வளவுக்குக் கைமாறியது என்று பார்ப்பதுதான். அந்த விவரம் கண்ணில் படாதவரை வாங்குபவர் கூடுதலாகக் கொடுப்பார், விற்பவர் குறைவாகப் பெறுவார், இடையில் நிற்பவர் மட்டும் லாபம் பார்ப்பார்.

யாருக்கு நஷ்டம்?

முதலில், புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவருக்கு. அடுத்து, தாத்தா விட்டுச் சென்ற தபால்தலை ஆல்பத்தை விற்க நினைக்கும் குடும்பத்துக்கு. வியாபாரி சொல்லும் தொகை நியாயமா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் எதுவும் இருக்காது.

மூன்றாவதாக, ஆசை காட்டி ஏமாற்றப்படுபவர்கள். உங்கள் நாணயத்தை லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்கிறோம் என்று தொடங்குவார்கள். பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி, ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகப் பணம் கறப்பார்கள். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4 அன்று இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தான் ஈடுபடுவதில்லை, அதற்காக எந்தக் கட்டணமும் கமிஷனும் கேட்பதில்லை, தன் சார்பில் வசூலிக்க எவருக்கும் அதிகாரம் தரவில்லை என்று அதில் தெளிவாகச் சொல்லியிருந்தது. விற்கப்போகும் நீங்கள் முன்பணம் கட்ட வேண்டும் என்று எவர் சொன்னாலும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

விற்ற விலை எங்கே கிடைக்கும்?

பழைய பாட்டு ரெக்கார்டு சேகரிப்பவர்களுக்கு டிஸ்காக்ஸ் தளம் தெரிந்திருக்கும். இளையராஜா இசையமைத்த எல்பி ஒன்றை அதில் தேடினால், அந்தப் பதிப்பு இதுவரை விற்றதில் ஆகக் குறைந்த விலை, நடு விலை, ஆக அதிக விலை, கடைசியாக விற்ற தேதி ஆகியவை காட்டப்படும். இவற்றில் நம்ப வேண்டியது நடு விலை. யாரோ ஒருவர் ஆசையில் பத்து மடங்கு கொடுத்திருந்தாலும் நடு விலை அவ்வளவாக அசையாது. முதல் பதிப்பும் மறுபதிப்பும் தனித்தனிப் பக்கங்களில் இருக்கும் என்பதால் கையிலுள்ள தட்டின் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே விலையைப் பாருங்கள்.

ஈபேயில் 'விற்றவை' என்ற வடிகட்டியைத் தட்டினால் ஏறக்குறைய கடந்த 90 நாள் விற்பனைகள் தெரியும். ஆனால் பேரம் பேசி முடித்த பொருள்களில் முதலில் கேட்ட விலையை அடித்துக் காட்டுவார்கள். உண்மையில் ஒப்புக்கொண்ட தொகை அங்கே தெரியாது. அடித்திருக்கும் விலையையே விற்ற விலை என்று எடுத்துக்கொண்டால் கணக்குத் தப்பும். ஏலம் கேட்டவர் பணம் கட்டாமல் போன விற்பனையும் சில நேரம் அந்தப் பட்டியலிலேயே இருந்துவிடும்.

ஈபேயின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. இப்போது உள்ளூர் விற்பனையில் பெரும்பங்கு ஃபேஸ்புக், வாட்ஸ்அப் குழுக்களிலும் விளம்பரத் தளங்களிலும் நடக்கிறது. பொருள் விற்றதும் பதிவை நீக்கிவிடுகிறார்கள், விலையும் சேர்ந்து மறைந்துவிடுகிறது. மும்பை, பெங்களூரு, அகமதாபாத் நகரங்களில் உள்ள நாணய ஏல நிறுவனங்கள் ஏலம் முடிந்ததும் விலைப்பட்டியல் வெளியிடுகின்றன. இந்திய நாணயத்துக்கு இப்போதைக்கு நம்பகமான உரைகல் அதுதான்.

ஒரே விற்பனை, மூன்று விலை

ஏலப் பட்டியலைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். ஒரு நாணயம் 10,000 ரூபாய்க்கு ஏலம் போனதாக வைத்துக்கொள்வோம். வாங்குபவரிடம் நிறுவனம் 20 சதவீதம் கட்டணம் வாங்கினால் அவர் கொடுப்பது 12,000. அதன்மேல் வரியும் தபால் செலவும் உண்டு. விற்றவரிடம் 10 சதவீதம் கமிஷன் பிடித்தால் அவர் கைக்கு வருவது 9,000. சில நிறுவனங்கள் கட்டணம் சேர்த்த தொகையை வெளியிடும், சில சேர்க்காத தொகையை. எது என்று விதிமுறைப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தரம். தேய்ந்த நாணயத்துக்கும் நாணயச்சாலையிலிருந்து வந்த பளபளப்போடு இருக்கும் நாணயத்துக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. ஆறாம் ஜார்ஜ் உருவம் தாங்கிய 1939-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் அபூர்வமானது. அதனாலேயே 1938 என்ற ஆண்டைத் திருத்திய போலிகளும் சந்தையில் உலவுகின்றன. போலி ஒன்று மலிவாக விற்றிருந்தால், அந்த விலையை அசலோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் தரச்சான்று அளித்து உறையிட்ட நாணயம் என்றால், சான்று எண்ணை அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

விற்ற விலையும் பொய்யாகலாம்

விற்பவரே தன் ஆட்களைவிட்டு ஏலத்தை ஏற்றுவது பழைய தந்திரம். 2000-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் ஓர் ஓவியம் ஈபேயில் 25 சென்டில் தொடங்கி 1,35,805 டாலர் வரை போனது. புகழ்பெற்ற ஓவியர் ரிச்சர்ட் டீபன்கார்ன் வரைந்தது என்று பலர் நம்பினார்கள். விற்றவர் தன் பொருளுக்குத் தானே வேறு பெயரில் ஏலம் கேட்டது தெரியவந்ததும் ஈபே அந்த விற்பனையை ரத்துசெய்தது. ஓவியமும் போலி. சம்பந்தப்பட்டவர்கள் மீது வழக்குப் பாய்ந்தது, குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

எனவே ஒரே ஒரு விற்பனையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். வெவ்வேறு விற்பனையாளர்களிடம், வெவ்வேறு மாதங்களில் நடந்த நான்கைந்து விற்பனைகளையாவது பாருங்கள். அதே பொருள் அதே ஆளிடம் திரும்பத் திரும்ப 'விற்று'க்கொண்டிருந்தால் விலகிவிடுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம்

ஒவ்வொரு பொருளும் என்ன விலைக்குப் போனது என்று இணையச் சந்தைகள் வெளியிட்டே ஆக வேண்டும் என்ற நேரடி விதி நம் நாட்டில் இன்னும் இல்லை. ஆனாலும் கைவசம் வலுவான சட்டங்கள் இருக்கின்றன.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, ஒரு பொருளோ அதுபோன்ற பொருளோ வழக்கமாக என்ன விலைக்கு விற்றது, விற்கிறது என்பதில் பொதுமக்களைத் தவறாக நம்பவைப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. 'போன மாதம் இது 50,000 ரூபாய்க்குப் போனது' என்று ஒரு வியாபாரி பொய் சொல்லி விற்றால் அது வெறும் வாய்ச்சாலகம் ஆகாது, புகாருக்கு உரிய செயல்.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 64-ஆம் பிரிவு, ஏலத்தைப் பற்றியது. விலையை ஏற்றுவதற்காக விற்பவர் பொய்யாக ஏலம் கேட்கவைத்தால், வாங்கியவர் அந்த விற்பனையை ரத்துசெய்துகொள்ளலாம்.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இணையச் சந்தை ஒவ்வொன்றும் குறைதீர் அலுவலரை நியமிக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புதல் தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வரியும் அனுப்பும் செலவும் சேர்த்த மொத்த விலையைப் பிரித்துக் காட்டுவதும் கட்டாயம்.

இரண்டு வரம்புகளை மறக்காதீர்கள். மறுவிற்பனைக்காக வாங்குபவரை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகக் கருதாது. தொழிலாக இல்லாமல் வீட்டிலிருக்கும் ஒன்றிரண்டு பொருளை விற்கும் தனிநபருக்கு மின்வணிக விதிகள் பொருந்தாது.

ஏமாந்தால் என்ன செய்வது?

பதிவு நீக்கப்படுவதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தேதி, பொருள் எண், விற்பவர் பெயர், விலை, உரையாடல், பணம் கட்டிய ரசீது எல்லாம் அதில் இருக்கட்டும்.

பணம் மோசடியாகப் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை முடக்கிவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவுசெய்யுங்கள்.

பொருளின் தரத்திலோ விலையிலோ ஏமாற்று என்றால் முதலில் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, இணையவழியிலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

நாம் கேட்க வேண்டியது

உழவர் சந்தையில் அன்றைய விலையைப் பலகையில் எழுதிவைக்கிறார்கள். கால் கிலோ தக்காளி வாங்குபவருக்குக் கிடைக்கும் அந்த உரிமை, ஐம்பதாயிரம் கொடுத்து நாணயம் வாங்குபவருக்கும் வேண்டும். வாங்கியவரின் தனியுரிமை கெடும் என்பது தளங்கள் சொல்லும் சாக்கு. வாங்கியவர் பெயரோ முகவரியோ யாருக்கும் வேண்டாம். பொருள், தரம், தேதி, கட்டணம் உட்பட முடிந்த தொகை, பணம் கட்டப்பட்டதா என்ற குறிப்பு, இந்த ஐந்தும் போதும்.

குழு நடத்துபவர்கள் இதை நாளைக்கே தொடங்கலாம். விற்ற பதிவை நீக்காமல் இறுதி விலையோடு வைத்திருப்பது என்று ஒரு விதி போட்டால் போதும். விற்ற விலையைக் காட்ட மறுக்கும் இடத்தில் பெரிய தொகைக்கு வாங்குவதில்லை என்று சேகரிப்பாளர்கள் உறுதியாக நின்றால், சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வியாபாரம் எங்கே போகிறதோ, விதியும் அங்கே வந்துசேரும்.