வாக்குப்பெட்டி முதல் கிளவுட் வரை: அரசு எப்படி வாங்குகிறது?

நாட்டின் முதல் பொதுத்தேர்தலுக்காக மும்பை விக்ரோலியின் கோத்ரெஜ் ஆலை 1951-இல் சில மாதங்களுக்குள் 12 லட்சத்துக்கும் அதிகமான எஃகு வாக்குப்பெட்டிகளைச் செய்து கொடுத்தது. இத்தனை பெட்டி, இன்ன விலை, இந்தத் தேதிக்குள் என்று எழுதிவிடக்கூடிய கொள்முதல் அது. வந்த பெட்டியைப் பூட்டிப் பார்த்துப் பணம் கொடுக்கலாம்.

கிளவுட் சேவையை அப்படி எண்ணி வாங்க முடியாது. வேறொருவரின் தரவு மையத்தில் கணினித் திறனையும் சேமிப்பிடத்தையும் அரசு வாடகைக்கு எடுக்கிறது. மின்கட்டணம்போல, பயன்படுத்திய அளவுக்குப் பில் வரும். இந்தச் சேவையை விற்கும் அமேசான் 2016-இலும் கூகுள் 2017-இலும் மும்பையில் தங்கள் கிளவுட் மையங்களைத் திறந்தன. 2018 ஜனவரியில் மகாராஷ்டிர அரசு தன் துறைகளுக்கான பொது கிளவுட் கொள்கையை அறிவித்தது.

ஒன்றிய அரசின் கிளவுட் திட்டமான மேகராஜ் 2014-இல் வந்தது. அதன் கீழ் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் கிளவுட் நிறுவனங்களைப் பட்டியலிடுகிறது. பட்டியலில் சேர, தரவு மையம் இந்தியாவுக்குள் இருக்க வேண்டும். அமைச்சகத்தின் தரச்சான்று அமைப்பான எஸ்டிக்யூசியின் தணிக்கையில் தேற வேண்டும். துறைகள் அந்தப் பட்டியலிலிருந்து அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையச் சந்தை வழியாகவோ தனி டெண்டர் மூலமாகவோ தேர்ந்தெடுக்கின்றன.

உண்மையான சிக்கல் தேவையைக் கணிப்பதில் இருக்கிறது. தேர்வு முடிவு வெளியாகும் காலையில் லட்சக்கணக்கான பிள்ளைகள் ஒரே தளத்தைத் திறக்கிறார்கள். மறுவாரம் அங்கே ஆளில்லை. அந்த ஒரு காலைக்காகச் சர்வர்களை வாங்கினால் ஆண்டெல்லாம் சும்மா கிடக்கும். கிளவுடில் அன்றைக்கு மட்டும் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் துறையின் ஒதுக்கீடு மார்ச்சோடு முடியும் ஆண்டுக்கணக்கு. பில்லோ மாதாமாதம் ஏறி இறங்கும். ஆகவே வழக்கமான பயன்பாடு, உச்சப் பயன்பாடு, செலவு வரம்பு மூன்றையும் டெண்டருக்கு முன்பே கணக்கிட்டாக வேண்டும். குறைந்த விலை சொன்னவரைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் இங்கே ஆபத்தானது. தரவை வெளியே எடுக்கும் கட்டணம் முதல் விலைப்பட்டியலில் கண்ணில் படாமல் போகலாம்.

ஒரே நிறுவனத்திடம் சிக்கிக்கொள்ளும் அச்சம் பெரிய அரசுகளுக்கும் உண்டு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2019-இல் மைக்ரோசாஃப்டுக்கு மட்டும் அளித்த ஜெடை கிளவுட் ஒப்பந்தத்தை 2021-இல் ரத்துசெய்து, அதற்கு மாற்றான ஒப்பந்தத்தை 2022-இல் நான்கு நிறுவனங்களுக்குப் பகிர்ந்தளித்தது.

நிலப்பதிவும் ரேஷன் அட்டை விவரமும் மக்களைப் பற்றிய தரவு. ஒப்பந்தம் முடியும் நாளில் அந்தத் தரவு எந்த வடிவில், எத்தனை நாளில், யார் செலவில் திரும்பி வரும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே துறை எழுதி வாங்க வேண்டும்.