தண்ணீரில் ஓடுமா பைக்? பணம் அனுப்பும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்!

‘பெட்ரோலுக்கு குட்பை... ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் பைக் ஓடும்!’ என்று ஒரு வீடியோ உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம். வண்டியில் ஒரு பாட்டில், அதற்குள் குமிழ்கள், கீழே ‘கிட் வேண்டுவோர் தொடர்புகொள்ளவும்’ என்று ஒரு வரி. இதில் எது உண்மை, எது பொய்?

குமிழ்கள் நிஜம்தான்!

தண்ணீருக்குள் மின்சாரம் செலுத்தினால், அது ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரியும். இதற்கு ‘மின்னாற்பகுப்பு’ என்று பெயர். 1800-ம் ஆண்டிலேயே லண்டனில் வில்லியம் நிக்கல்சனும் ஆன்டனி கார்லைலும் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். ஹைட்ரஜன் நன்றாக எரியும். எரிந்தபின் மிஞ்சுவது வெறும் நீராவி.

எங்கே இடிக்கிறது?

வரவு செலவில்தான். ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க சுமார் 9 லிட்டர் தண்ணீர் போதும். ஆனால் மின்சாரம், தொழிற்சாலைகளில் உள்ள நல்ல இயந்திரங்களுக்கே 50 யூனிட்டுக்கு மேல் வேண்டும். அந்த ஒரு கிலோவை எரித்தால் கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 33 யூனிட். அதையும் வண்டி இன்ஜினில் எரித்தால் பெரும்பகுதி வெப்பமாகப் போய், சுமார் 10 யூனிட்தான் சக்கரத்தைச் சுற்றப் பயன்படும். 50 ரூபாய் போட்டு 10 ரூபாய் எடுக்கிற வியாபாரம் இது!

சரி, பைக்கில் அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? பேட்டரியிலிருந்து. பேட்டரியை சார்ஜ் செய்வது இன்ஜின். இன்ஜினை ஓட்டுவது பெட்ரோல். சுற்றிச் சுற்றி செலவு பெட்ரோல் தலையில்தான் விழுகிறது. உண்மையில் தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்த ‘சாம்பல்’. சாம்பலை மறுபடி அடுப்பில் போட்டு சமைக்க முடியுமா?

கோர்ட்டுக்குப் போன கார்

அமெரிக்காவின் ஸ்டான்லி மேயர், தண்ணீரில் ஓடும் காரைக் கண்டுபிடித்ததாகச் சொன்னார். பணம் போட்ட இருவர் வழக்கு தொடுத்தார்கள். கருவியைப் பரிசோதித்த நிபுணர்கள், ‘இது வழக்கமான மின்னாற்பகுப்புதான், புதுமை எதுவுமில்லை’ என்றார்கள். 1996-ல் ஒஹையோ நீதிமன்றம் இதை மோசடி என்று சொல்லி, 25,000 டாலரைத் திருப்பித் தர உத்தரவிட்டது.

வீட்டில் வேண்டாம்!

ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கலந்து ஒரே பாட்டிலில் சேர்ந்தால், சின்னத் தீப்பொறியே வெடிக்கவைத்துவிடும். உப்புத் தண்ணீரில் செய்தால் நச்சு வாயுவான குளோரினும் வரும். லீவு நாளில் பிள்ளைகள் இதை முயன்று பார்க்காமல் கவனித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஹைட்ரஜன் வீணா?

இல்லவே இல்லை. உரத்துக்கான அம்மோனியா தயாரிக்கவும், கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கவும் ஹைட்ரஜன் கட்டாயம் வேண்டும். இன்று அதைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுக்கிறார்கள். அதனால் ஏராளமான கரியமில வாயு வெளியேறுகிறது. அதற்குப் பதில் சூரிய ஒளி, காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுப்பதே ‘பசுமை ஹைட்ரஜன்’. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் தயாரிப்பதை இலக்காக வைத்து, 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது.

அங்கேயும் மின்சாரம் இலவசமில்லை. அதற்கான கணக்கை வெளிப்படையாகப் போடுகிறார்கள், அவ்வளவுதான். அடுத்தமுறை யாராவது ‘தண்ணீர் கிட்’ விற்க வந்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘கரன்ட் எங்கேயிருந்து வருது?’