தோற்றவர்களின் மேடை – 7: ஐந்து பெண்கள், ஐம்பதாயிரம் சிடி

15,610. 9,004. 14,853. 10,533.

இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும். விடை 50,000 வரும். ஒன்று கூடாது, ஒன்று குறையாது. இந்த வாரத்துக்கு அறிவித்திருந்தது பயிற்சி முகாம்களின் கதை. ஆனால் 1997 நவம்பரைச் சேர்ந்த இந்தக் கணக்கைத் தாண்டிக்கொண்டு முகாமுக்குள் போக மனம் வரவில்லை.

‘ஸ்டார் தான்ஜோ’ என்ற தொலைக்காட்சிப் பாடகர் தேர்வின் கதை போன வாரத்தோடு முடிந்தது. நிறுவனத்தார் அட்டையைத் தூக்கினால்தான் வாழ்வு என்ற அதன் விதியும், இருமுறை தேறாத நகமோரி அகினா மூன்றாவது முறை வந்து ஜெயித்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

அந்த நிகழ்ச்சி 1983-ல் நின்றுபோனது. பன்னிரண்டு வருஷம் கழித்து வந்த நிகழ்ச்சியின் பூர்வீகம் ஒரு துணிக்கடைப் பெயர். டோக்கியோவில் அசாகுசாபாஷி என்றொரு வட்டாரம். பொம்மையும் பாசிமணியும் விற்கும் மொத்த வியாபாரக் கடைகளுக்குப் பேர்போனது. அந்தப் பெயரை வைத்து ‘அசாகுசாபாஷி யங் யோஹின்தென்’, அதாவது ‘அசாகுசாபாஷி இளைஞர் துணிக்கடை’ என்று ஒரு நிகழ்ச்சியை 1992-ல் டிவி டோக்கியோ தொடங்கியது. உடை, நாகரிகம், அதோடு வேடிக்கைப் போட்டிகள். 1995 அக்டோபரில் நீளப் பெயரைச் சுருக்கி ‘அசாயான்’ ஆக்கினார்கள். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு ஒளிபரப்பு. ‘நைன்டி நைன்’ என்ற பெயரில் புகழ்பெற்ற நகைச்சுவை இரட்டையர் ஒக்கமுரா தகாஷியும் யாபே ஹிரோயுகியும் தொகுப்பாளர்கள். துணி பின்னுக்குப் போய், பாடகர் தேர்வு முன்னுக்கு வந்தது.

தலைநகரின் பெரிய தொலைக்காட்சி நிலையங்களில் டிவி டோக்கியோதான் சிறியது. பெரிய நட்சத்திரங்களை வாராவாரம் அழைத்து உட்கார வைக்கப் பணம் வேண்டும். பெயர் தெரியாத பெண் ஒருத்தி பாட்டை மறந்து நிற்பதைப் படம் பிடிக்க அவ்வளவு பணம் வேண்டாம். ‘அசாயான்’ அந்த இடத்தில் கேமராவை நிறுத்தியது. ‘ஸ்டார் தான்ஜோ’வில் பாட்டு முடியும், அட்டை உயரும் அல்லது உயராது, அடுத்த ஆள் வருவார். இங்கே தேர்வே பல வாரம் நீண்டது. பாட்டுப் பயிற்சி, திட்டு, அழுகை, வீட்டுக்குத் தொலைபேசி எல்லாம் நிகழ்ச்சியானது. முடிவைச் சொல்லும் நேரத்தில் ‘மீதி அடுத்த வாரம்’ என்று நிறுத்துவார்கள். தொடர்கதை படிக்கிறவர்களுக்கு அந்தத் தவிப்பை விளக்க வேண்டியதில்லை.

1997-ல் ‘ஷாரான் க்யூ’ என்ற ராக் குழுவுக்காக நிகழ்ச்சி ஒரு தேர்வை நடத்தியது. ஒரு பெண் ராக் பாடகி வேண்டும். குழுவின் பாடகர் சுன்கு, நடுவர்களில் முக்கியமானவர். ஜெயித்தவர் ஹெய்க்கே மிச்சியோ. நல்ல கனமான குரல், வெற்றி நியாயமானதுதான். வழக்கமாக அங்கே திரை விழுந்திருக்கும். ஆனால் தோற்றவர்களில் ஐந்து பேரைச் சுன்கு திரும்பக் கூப்பிட்டார்.

அந்த ஐவரை ஒரே வரிசையில் நிறுத்திப் பார்த்தால், எந்த நிறுவனமும் இப்படி ஒரு குழுவைத் திட்டமிட்டுச் சேர்த்திருக்காது என்பது தெரியும். மூத்தவர் நகசவா யூகோ, ஒசாகாவில் அலுவலக வேலை பார்த்தவர், வயது 24. இளையவர் ஃபுகுதா அசுகா, வயது 12. சரியாகப் பாதி. பதினைந்து, பதினாறில் தொடங்குவதுதான் ‘ஐடல்’ எனப்படும் இளம் பாடகர் தொழிலின் வழக்கம். 24 வயதில் நுழைவது அன்றைக்குக் கேள்விப்படாத சங்கதி. நடுவில் இஷிகுரோ ஆயா, ஈடா காவோரி, அபே நட்சுமி. மூவரும் வடக்கே ஹொக்கைடோ தீவைச் சேர்ந்தவர்கள். இதில் ஈடாவும் அபேயும் பிறந்தது முரோரான் என்ற துறைமுக ஊரில், ஒரே மருத்துவமனையில், இரண்டு நாள் இடைவெளியில்: 1981 ஆகஸ்ட் 8, ஆகஸ்ட் 10. ஒருவர் சப்போரோவில் வளர்ந்தார், இன்னொருவர் முரோரானில். பதினாறு வருஷம் கழித்து ஒரே தேர்வில் தோற்று, ஒரே குழுவில் சேர்ந்தார்கள். தேர்வு முறையைப் பற்றி எழுத உட்கார்ந்தால், மனம் இந்த மாதிரி விவரத்தில்தான் போய் நிற்கிறது.

சுன்கு ஐவருக்கும் உடனே வாய்ப்பைக் கொடுத்துவிடவில்லை. ஒரு நிபந்தனை வைத்தார். ‘ஆய் நோ தானே’, ‘காதலின் விதை’ என்று ஒரு பாட்டைப் பதிவுசெய்து சிறிய சிடியாகப் போடுவார்கள். அதைக் கடைகளுக்கு அனுப்ப மாட்டார்கள். ஐவரும் ஊர் ஊராகப் போய், நேரில் நின்று, தங்கள் கையால் விற்க வேண்டும். ஐந்து நாளில் 50,000. விற்றால் முறையான அறிமுகம். இல்லையென்றால் அவரவர் வேலை, அவரவர் பள்ளிக்கூடம்.

பின்னாளில் இந்தக் குழுவின் பாட்டுகள் என்றாலே சுன்கு எழுதியவை என்று ஆனது. ஆனால் அவர்களுடைய தலையெழுத்தைத் தீர்மானித்த இந்த முதல் பாட்டு அவருடையது அல்ல. வரிகள் சன்பிளாசா நகானோ, இசை சகுராய் தெத்சுதாரோ.

நவம்பர் 3, ஒசாகா. விற்றது 15,610. விற்பனை பத்து மணி நேரம் நடந்தது என்று வைத்துக்கொண்டாலும் நிமிடத்துக்கு 26 சிடி. ஐவரும் பங்கிட்டால் ஒவ்வொருவர் கையிலிருந்தும் நிமிடத்துக்கு ஐந்து. பன்னிரண்டு வினாடிக்கு ஒரு முகம், ஒரு கும்பிடு, ஒரு நன்றி, அடுத்தவர். தொலைக்காட்சியில் தோற்றவர்களாக மட்டுமே தெரிந்த பெண்களுக்காக அத்தனை பேர் வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

அடுத்து ஃபுகுவோகா. 9,004. முதல் நாளோடு ஒப்பிட்டால் பெரிய சரிவு. இரண்டு நாள் போய்விட்டது, கையில் 24,614. பாதியைத் தொட இன்னும் 386 பாக்கி. மூன்றாவது ஊர் சப்போரோ, மூன்று பேரின் சொந்தத் தீவில் உள்ளது. அங்கே எண் மறுபடி எழுந்து 14,853-ஐத் தொட்டது. மிச்சம் 10,533.

நவம்பர் 30, நகோயா. 10,533.

முதல் மூன்று எண்களும் அந்தந்த ஊரின் ஆர்வத்தை அளந்தவை. நான்காவது எண் அப்படியல்ல. அது நகோயா எவ்வளவு வாங்க விரும்பியது என்பதைச் சொல்லவே இல்லை. மற்ற மூன்று ஊர்களும் மிச்சம் வைத்ததைச் சொல்கிறது. இருந்த சரக்கு தீர்ந்ததால் அந்த எண் அங்கே நின்றது. ஐந்தாவது நாள் தேவைப்படவே இல்லை. புள்ளிவிவரப் பட்டியலில் நான்கும் ஒரே மாதிரி எழுத்தில் அச்சாகியிருக்கும்; கூட்டிப் பார்த்த பிறகுதான் கடைசி எண் வேறு ஜாதி என்பது பிடிபடும். இந்த வாரம் முழுக்க இதையே யார் கிடைத்தாலும் பிடித்துச் சொல்லும்படி ஆகிவிட்டது.

நகோயாவுக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. குழுவுக்குச் சுன்கு வைத்த பெயர் ‘மார்னிங் முசுமே’, காலைப் பெண்கள். ஜப்பானியக் காபிக் கடைகளில் காலையில் காபி கேட்டால் ரொட்டியும் முட்டையும் சேர்ந்து வரும் ‘மார்னிங் செட்’தான் அந்தப் பெயருக்கு மூலம். ஒன்று கேட்டால் பல கிடைக்கும், மலிவும் கூட என்பது பொருள். அந்த மார்னிங் செட்டுக்கு நாட்டிலேயே பேர்போன ஊர் எது என்று கேட்டால் ஜப்பானியர் நகோயாவைத்தான் சொல்வார்கள். காலை உணவின் பெயரைச் சுமந்த குழுவின் கடைசி சிடி, அந்த உணவின் ஊரிலேயே விற்றுத் தீர்ந்திருக்கிறது.

பெயரின் கடைசியில் ஒரு முற்றுப்புள்ளியும் உண்டு. ஜப்பானிய எழுத்தில் அது சின்ன வட்டம். பெயரைத் திரையில் எழுத்தாகக் காட்டியபோது ஓரத்தில் அந்த வட்டம் இருந்தது. தொகுப்பாளர்கள் அதையும் சேர்த்தே பெயராக்கிவிட்டார்கள். இன்றுவரை அந்தப் புள்ளி இல்லாமல் எழுதினால் அது பிழை. 2014 முதல் புள்ளிக்குப் பின்னால் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தையும் சேர்க்கிறார்கள். முற்றுப்புள்ளிக்கு அப்புறமும் வருஷாவருஷம் ஏதோ ஒன்று எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

ஜெயித்தவர் என்ன ஆனார்? ஹெய்க்கே மிச்சியோவின் முதல் தனிப்பாட்டு ‘கெட்’ வெளிவந்தது 1997 நவம்பர் 5 அன்று. ஒசாகாவில் ஐவர் கடைவிரித்து இரண்டு நாள் கழித்து. வெற்றி பெற்றவரும் தோற்றவர்களும் ஒரே வாரத்தில் சந்தைக்கு வந்தார்கள். ஒருவருக்கு முறைப்படி எல்லாம் நடந்தது. மற்ற ஐவருக்கும் ஒரு நிபந்தனையும் ஒரு கெடுவும் மட்டும். பார்வையாளர்கள் ஐவர் பக்கம் சாய்ந்தார்கள். ஹெய்க்கேயின் பாட்டில் குறை என்று சொல்ல முடியாது. அவருக்காகப் பார்வையாளர் செய்ய வேண்டிய காரியம் எதுவும் மிச்சமில்லை, அவ்வளவுதான். ஐவருக்காகச் செய்ய ஒரு காரியம் இருந்தது: ஊருக்கு வரும்போது போய் ஒரு சிடி வாங்குவது. போன வாரம் வரை நிறுவனத்தார் கையில் இருந்த அட்டை இந்த இடத்தில்தான் பார்வையாளர் கைக்கு மாறுகிறது. இந்தத் தொடர் முதல் அத்தியாயத்திலிருந்து தேடிவந்த திருப்பம் இதுதான்.

மாறியது மாறியதுதான். 1998-ல் இசையமைப்பாளர் கொமுரோ தெத்சுயாவுக்காக அதே நிகழ்ச்சியில் நடந்த தேர்வில் சுசுகி அமியைப் பார்வையாளர்களே தொலைபேசி வாக்கில் தேர்ந்தெடுத்தார்கள். பின்னர் நடந்த ஆண் பாடகர் தேர்வில் ஜெயித்த இருவர் ‘கெமிஸ்ட்ரி’ என்ற பெயரில் 2001 மார்ச்சில் வந்தார்கள். முதல் பாட்டே பத்து லட்சத்தைத் தாண்டி விற்றது. அங்கேயும் கண் தோற்றவர்கள் பக்கமே போகிறது. இறுதிச் சுற்றில் விழுந்த அத்சுஷி அதே வருஷம் ‘எக்ஸைல்’ குழுவின் பாடகரானார். அந்தக் குழு அடைந்த உயரம் ஜப்பானில் எல்லோருக்கும் தெரியும்.

தோற்றவர்களை இரண்டாம் முறை கேட்ட சுன்குவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2015 ஏப்ரலில், தான் படித்த கின்கி பல்கலைக்கழகத்தின் புதிய மாணவர் வரவேற்பு விழாவில் அவர் மேடையேறினார். பேசவில்லை. சொல்ல வந்தது திரையில் எழுத்தாக ஓடியது. தொண்டைப் புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள் என்பதை அன்றுதான் உலகம் அறிந்தது. அவர் பாட்டெழுதுவதை நிறுத்தவில்லை.

ஐவருக்கும் வாக்குக் கொடுத்த அறிமுகம் 1998 ஜனவரி 28 அன்று நடந்தது. பாட்டு ‘மார்னிங் காபி’, இந்த முறை சுன்கு எழுதியது. ஒரிக்கான் விற்பனைப் பட்டியலில் ஆறாவது இடம். மூன்று மாதம் தாண்டியதும் குழுவில் மேலும் மூன்று பேரைச் சேர்த்தார்கள். ஐந்து எட்டானது. கையால் சிடி விற்று வந்தவர்கள் பக்கத்தில், விற்காமல் வந்தவர்கள் நின்றார்கள். 1999-ல் 13 வயது கோட்டோ மாக்கி தனியாளாக வந்தார். அந்த வருஷம் ‘லவ் மெஷின்’ 16 லட்சத்துக்கு மேல் விற்றது. 2000-ல் நான்கு பேர், 2001-ல் இன்னும் நான்கு பேர். ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு முகாம்.

முகாம்கள் அடுத்த வாரத்துக்குப் போகின்றன. தொடங்கப்போவது 2001-லிருந்து. அந்த வருஷம் தேர்வான நால்வரில் சப்போரோவைச் சேர்ந்த கொன்னோ அசாமிக்குப் பாட்டும் சரியில்லை, ஆட்டமும் சரியில்லை. ‘அகாதென்’ என்றார் சுன்கு. பள்ளியில் தேறாதவருக்குச் சிவப்பு மையில் போடும் மதிப்பெண். அப்படிச் சொல்லிவிட்டு அவரையே தேர்ந்தெடுத்தார். கொன்னோ ஐந்து வருஷம் குழுவில் இருந்தார், பிறகு கெய்யோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்தார். 2011-ல் அறிவிப்பாளர் வேலைக்குத் தேர்வாகிச் சேர்ந்தார், டிவி டோக்கியோவில்.