அம்பாசிடருக்கு அகல டயர் எதற்கு?

அப்பா ஓட்டிய அம்பாசிடரைப் பழுதுபார்த்து மீண்டும் சாலைக்குக் கொண்டுவந்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “பழைய நைலான் டயர்கள் வெடித்துப்போய்விட்டன. 17 அங்குல அலாய் வீலும் 205 அகல டயரும் போட்டால் பிடிப்பு கூடும், வண்டி தரையோடு ஒட்டிக்கொண்டு போகும் என்கிறார் கடைக்காரர். போடலாமா?”

வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் காரணத்தை விவரமாகச் சொல்ல ஆசை. ஒரு டயர் வளைவில் என்ன செய்கிறது என்பதைப் போல அழகான இயற்பியல் அன்றாட வாழ்க்கையில் அதிகம் இல்லை.

முதலில் ‘பிடிப்பு கூடும்’ என்ற பேச்சைப் பார்ப்போம். அகலமான டயர் தரையை அதிகமாகத் தொடும் என்று எல்லோரும் நம்புகிறோம். வண்டியும் ஆட்களுமாக 1,400 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரு சக்கரத்தின் பங்கு 350 கிலோ. டயருக்குள் 28 பிஎஸ்ஐ காற்று, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ அழுத்தம். 350 கிலோவைத் தாங்க 175 சதுர சென்டிமீட்டர் தரையில் பட்டால் போதும். டயர் குறுகலோ அகலமோ, காற்றழுத்தம் அதேதான் என்றால் பரப்பும் கிட்டத்தட்ட அதேதான். (ரப்பரின் விறைப்பும் கொஞ்சம் தாங்குவதால் கணக்கு அச்சுப் பிசகாமல் வராது.) மாறுவது வடிவம் மட்டுமே. தரையில் 12 செ.மீ. அகலம் படும் டயரின் தடம் 14.6 செ.மீ. நீளமிருக்கும். 16 செ.மீ. அகலம் படும் டயரின் தடம் 11 செ.மீ.தான்.

இந்த நீளத்தில்தான் விஷயமே இருக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் சக்கரம் பார்க்கும் திசையும் அது உண்மையில் போகும் திசையும் ஓரிரு பாகை விலகுகின்றன. அந்த விலகலில்தான் வண்டியைத் திருப்பும் விசை பிறக்கிறது. எப்படி? வீட்டிலிருக்கும் விளக்குமாற்றை நினைத்துக்கொள்ளுங்கள். டயரின் மேல்ரப்பர் முழுவதும் நெருக்கமாக நடப்பட்ட விளக்குமாற்றுக் குச்சிகள். தடத்தின் முன்விளிம்பில் தரையைத் தொடும் குச்சி நேராக நிற்கிறது. அதன் நுனி தொட்ட இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது, அடியோ சக்கரத்தோடு பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போகிறது. பின்விளிம்பை நெருங்க நெருங்கக் குச்சி மேலும் மேலும் வளைகிறது. இரண்டு பாகை விலகலில் 14.6 செ.மீ. தடத்தின் கடைசிக் குச்சி 5 மி.மீ. வளைந்திருக்கும், 11 செ.மீ. தடத்தில் 4 மி.மீ.க்கும் குறைவு. வளைந்த குச்சிகள் எல்லாம் நிமிரத் துடிக்கும் துடிப்பின் கூட்டுத்தொகைதான் உங்கள் வண்டியைத் திருப்புகிறது. தாங்க முடியாத அளவு வளைந்தவை பிடியை விட்டு நழுவும். கடும் வளைவில் டயர் கிறீச்சிடுவது அந்தக் குச்சிகளின் சத்தம்தான்.

பின்பக்கக் குச்சிகளே அதிகம் வளைவதால் விசையின் மையம் தடத்தின் நடுவில் இருப்பதில்லை, சற்றுப் பின்னால் விழுகிறது. எளிய கணக்கில் தடநீளத்தின் ஆறில் ஒரு பங்கு: நீளத் தடத்துக்கு 2.4 செ.மீ., குட்டைத் தடத்துக்கு 1.8 செ.மீ. விசை பின்னால் விழுவதால் அது சக்கரத்தை நேராக்கப் பார்க்கிறது. திருப்பிய ஸ்டீயரிங் கையை லேசாக்கியதும் தானே நடுவுக்கு வருவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். வளைவில் வேகம் கூடக் கூட முதலில் நழுவுபவை பின்பக்கக் குச்சிகள். அவை நழுவ நழுவ விசையின் மையம் முன்னோக்கி வந்து நடுவை நெருங்குகிறது, ஸ்டீயரிங் திடீரென்று இலகுவாகிறது. முன்சக்கரங்களின் பிடிப்பு முழுவதும் தீர்வதற்குள் இது நடந்துவிடுகிறது. எச்சரிக்கை விளக்கோ மின்னணுச் சென்சாரோ இல்லாத காலத்து வண்டி, உள்ளங்கை வழியாகச் சொல்லும் செய்தி அது. குறுகிய டயர் இதைச் சீக்கிரமாகவும் நிதானமாகவும் சொல்லும். பக்கச்சுவர் குட்டையான அகல டயர் தாமதமாகவும் வெடுக்கென்றும் சொல்லும்.

விளக்குமாற்றை இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொள்வோம். வீட்டுக்குள் பெருக்கும் பூந்துடைப்பம் போலத் துவள்வது நைலான் டயர். வாசல் கூட்டும் ஈர்க்குமாறு போல நிமிர்ந்து நிற்பது இன்னொரு வகையான ரேடியல் டயர். ஈர்க்குமாற்றுக்குப் பலம் இறுக்கமான கட்டு, ரேடியலில் அந்தக் கட்டு மேல்ரப்பருக்கு அடியில் ஓடும் எஃகுப் பட்டை. தேய்ந்து குட்டையான ஈர்க்குமாறு விறைப்பாக இருக்கும், பாதி தேய்ந்த டயரும் காய்ந்த சாலையில் புதியதைவிட வெடுக்கென்று திரும்பும். மழைநீர் தேங்கிய வாசலில் அகலமான விளக்குமாறு ஒரே தள்ளலில் அதிகத் தண்ணீரைத் தள்ள வேண்டியிருக்கும். அகல டயருக்கும் ஐப்பசி மழையில் அதே பாடு, சீக்கிரம் மிதக்கத் தொடங்கும்.

வரலாறு சுருக்கமாக. மிஷெலின் நிறுவனம் ரேடியல் டயருக்கு 1946இல் காப்புரிமை பெற்று 1949இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அம்பாசிடர் 1950களின் இறுதியில், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் உடலோடு, நைலான் டயரைப் போன்ற குறுக்குநெடுக்கு நூலிழை டயர்களில் இங்கே உருளத் தொடங்கி 2014இல் உற்பத்தி நின்றது. இதற்கு மேல் இங்கே தேவையில்லை.

பந்தய வண்டிகளுக்கு அகல டயர் உதவுகிறதே என்பீர்கள். உதவுகிறது. அகலத்தில் வெப்பம் பரவுவதால் மிக மென்மையான, ஒட்டும் ரப்பரை அங்கே பயன்படுத்த முடிகிறது. 1,489 சி.சி. எஞ்சினுக்கு அந்தத் தேவை எழுவதே இல்லை. கடையில் கிடைப்பதும் அந்த ரப்பர் அல்ல.

விட்டத்தையும் கவனியுங்கள். 165/80 R15 டயரின் விட்டம் 645 மி.மீ. ஜீப் வகை வண்டிகளுக்கான 215/75 R15 போட்டால் 703 மி.மீ., 9 சதவீதம் கூடுதல். வேகமானி 60 காட்டும்போது வண்டி 65இல் ஓடும். அதே டிரம் பிரேக் சக்கரத்தை நிறுத்தத் தரையில் தரும் விசையும் அதே விகிதத்தில் குறையும். 205/45 R17 என்றால் விட்டம் 616 மி.மீ.தான். பக்கச்சுவர் 132 மி.மீ.யிலிருந்து 92 மி.மீ.யாகச் சுருங்கும், நம் ஊர்ப் பள்ளங்களின் அடி நேராக ரிம்முக்கும் டார்ஷன் பாருக்கும் போகும். அலாய் வீல் சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்தினால் ஒவ்வொரு குழியும் ஸ்டீயரிங்கைப் பிடுங்கும், பேரிங்குக்கும் சுமை கூடும்.

ஆகவே: டிக்கியில் கிடக்கும் அசல் அளவு ஸ்டெப்னி தேயாமல் இருந்தால், காற்றடித்து அதைச் சுற்றி நாடாவால் அளந்து 3.14ஆல் வகுத்து விட்டத்தைக் கண்டுபிடியுங்கள். அதிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் விலகாத, 165 அல்லது 175 அகலமுள்ள 15 அங்குல ரேடியல் போதும். 195 போட ஆசை என்றால் உங்கள் ரிம்மின் அகலத்தைப் பாருங்கள். 195/65 R15க்குக் குறைந்தது ஐந்தரை அங்குல ரிம் வேண்டும். குறுகிய ரிம்மில் திணித்தால் நடு மட்டும் புடைத்து நடு மட்டுமே தேயும். நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். முன்னால் ரேடியலும் பின்னால் நைலானுமாக ஒருபோதும் ஓட்டாதீர்கள், வளைவில் பின்பக்கம் முதலில் விலகிச் சுழற்றிவிடும்.

இன்னொன்று. இப்படிப்பட்ட அரிய அளவு டயர்கள் கிடங்கில் கிடந்தே வயதாகிவிடும், பட்டன் புதிதாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். பணம் கொடுக்கும் முன் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். அதை வாங்காதீர்கள்.