டிராம் கம்பெனி போட்ட ரூட்டு பாஸ்!

செங்கல்பட்டு ஜங்ஷனில் காஞ்சிபுரம் - அரக்கோணம் வண்டிக்காக தேவுடு காத்த அனுபவம் உங்களுக்கு உண்டா? அந்த ரூட்டுக்கு ஒரு செம ஃப்ளாஷ்பேக் இருக்கு, கேளுங்க.

மெட்ராஸ் டிராம் பத்தி தாத்தாக்கள் சொல்லியிருப்பாங்க. 1895-ல் ஆரம்பிச்சு 1953-ல் மூட்டை கட்டிய எலெக்ட்ரிக் டிராம். ஆனா, அதுக்கு முப்பது வருஷம் முன்னாடியே, 1865-ல், அரக்கோணம் டு காஞ்சிபுரம் 19 மைலுக்கு ரயில் விட்ட கம்பெனியின் பேரே 'இந்தியன் டிராம்வே கம்பெனி'! உடனே நடுரோட்டில் மணியடிச்சுட்டுப் போச்சுனு கற்பனை பண்ணிடாதீங்க. குறைஞ்ச செலவில் போட்ட குட்டி ரயில், அவ்ளோதான். 1856-லேயே ராயபுரத்திலிருந்து அரக்கோணம் வழியா பெரிய ரயில் ஓட ஆரம்பிச்சாச்சு. கோயில் நகரமான காஞ்சி மட்டும் அந்தப் பாதையில் இல்லை. அந்த கேப்பில் புகுந்தவங்கதான் இவங்க.

தண்டவாள அகலம் மூன்றரை அடி. அதாவது 1,067 மில்லிமீட்டர். (எஞ்சினீயரிங் புத்தி, நம்பர் சொல்லலேன்னா தூக்கம் வராது!) ஜப்பான் தன் முதல் ரயிலை 1872-ல் டோக்கியோ - யோகஹாமா நடுவே விட்டப்போ எடுத்துக்கிட்டதும் இதே அளவுதான். இன்னிக்கும் ஷின்கான்சென் தவிர அங்கே பெரும்பாலான ரயில்களும், சப்போரோ மாதிரி ஊர்களின் டிராம்களும் அதில்தான் ஓடுது. நம்ம காஞ்சி அவங்களுக்கு ஏழு வருஷம் சீனியர்!

அவங்க அதை விடாம பிடிச்சுக்கிட்டாங்க. நாம மாத்திக்கிட்டே இருந்தோம். கம்பெனி 'கர்நாட்டிக் ரயில்வே' ஆகி, 1870-களில் சவுத் இந்தியன் ரயில்வேயோட ஐக்கியமாச்சு. தண்டவாளம் மீட்டர் கேஜ் ஆச்சு. 1880 வாக்கில் செங்கல்பட்டு வரைக்கும் நீண்டுச்சு. அப்புறம் பிராட்கேஜ். கமல் கெட்டப்கூட இத்தனை மாறியிருக்காது!

மாறாதது ஒத்தைத் தண்டவாளம் மட்டும்தான். எதிர்ல ஒரு வண்டி வந்தா, இன்னொண்ணு கிராசிங்குக்கு ஒதுங்கி நிக்கணும். பாலூர், பழையசீவரம், வாலாஜாபாத்னு ஏறி சென்னைப் பக்கம் காலேஜுக்குப் போறவங்களைக் கேளுங்க. கிராசிங் லேட்டானா ஜங்ஷனில் பீச் லோக்கல் போயிடும், கூடவே ஃபர்ஸ்ட் பீரியட் அட்டெண்டன்ஸும் போயிடும். 2019-ல் பீச், தாம்பரம், செங்கல்பட்டு, காஞ்சி, அரக்கோணம்னு சுத்தி வர்ற ரயில் விட்டப்போ இந்த ரூட்டே கொண்டாடுச்சு. அதுக்கும் இங்கே இதே ஒத்தைப் பாதைதான்.

இதுக்கே அலுத்துக்கிட்டா மாமல்லபுரம் பசங்க சண்டைக்கு வருவாங்க. உலகமே வந்து பார்க்கிற ஊர், ஆனா தண்டவாளமே கிடையாது. கடற்கரையோரமா புதுச்சேரிக்கு ரயில் விடுறது இன்னமும் பேப்பரில்தான் இருக்கு. ரயில் ஏறணும்னா, அவங்க திருக்கழுக்குன்றம் வழியா பஸ் பிடிச்சு செங்கல்பட்டுக்குத்தான் வந்தாகணும்!