கடுதாசி ஒன்று போட்டதால் வந்த பணம்

என் தங்கை மகனுக்கு எட்டு வயசு. போன வருஷம் தொண்டை வலி, காய்ச்சல் வந்து சரியாப் போச்சு. அடுத்த வாரமே பையன் ஆளே மாறிட்டான். ஓயாமல் கையைக் கழுவுவான். கண்ணை வெட்டி வெட்டிச் சிமிட்டுவான். அம்மா கண்ணில் படலேன்னா அலறுவான். "எம் புள்ளைய யாரோ மாத்தி வச்ச மாதிரி இருக்குக்கா" என்று தங்கை அழுதாள்.

கோமதி அம்மன் சன்னதி முன்னால் உள்ள சக்கரத்தில் உட்கார வைத்தோம், புற்றுமண் பூசினோம். மூன்று வாரம் ஓடிவிட்டது. (அம்மன் மேல் குறை இல்லை. டாக்டரிடமும் அன்றே போயிருக்கணும்.)

குழந்தை நரம்பியல் டாக்டர்தான் விளக்கினார். தொண்டைக்கு வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்கும் சக்தி, அபூர்வமாகச் சில பிள்ளைகளின் மூளையையே தாக்கிவிடுமாம். பெயர் 'பாண்டாஸ்'. 1998-ல் அமெரிக்க டாக்டர் சூசன் ஸ்வீடோ குழுவினர் இதை விவரித்தார்கள். டாக்டர்களுக்குள்ளேயே இதில் இன்னும் வாதம் உண்டு.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. தறி ஓட்டிப் பிழைக்கிற குடும்பம், வயித்தைக் கட்டி பிரீமியம் கட்டியிருந்தார்கள். "மனநோய்க்குப் பணம் கிடையாது" என்று கம்பெனியிடமிருந்து ஒரு வரி வந்தது.

சகோதரிகளே, அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை! 2017-ம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டம், 21-வது பிரிவு: உடல் நோய்க்கு எப்படியோ, மனநோய்க்கும் அப்படியே இன்சூரன்ஸ் தரவேண்டும். 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமும் 2018-லும் 2022-லும் கம்பெனிகளுக்கு எழுதியது. பக்கத்து வீட்டு வக்கீல் குமாஸ்தா சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். பிரிவைக் குறிப்பிட்டு தங்கை ஒரு கடுதாசி போட்டாள், ஆஸ்பத்திரிப் பணம் வந்தது. ஒரு மாசத்துக்குள் பதில் வராவிட்டால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

ஆனால் வாராவாரம் போகும் கவுன்சலிங்குக்கு? படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் என்கிறது பாலிசி. 'நிராமயா' திட்டம் வெளிநோயாளிச் செலவும் சேர்த்து வருஷம் ஒரு லட்சம் வரை தருகிறது. அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்ற சில குறைகளுக்கு மட்டும். இவன் அந்தப் பட்டியலில் இல்லை. இல்லினாய் மாநிலம் 2017-லேயே இந்த நோயின் பெயரையே சட்டத்தில் எழுதி இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கிவிட்டது. நம் எம்.பி.க்கள் இதைக் கேட்கக்கூடாதா?

பையன் இப்போ பள்ளிக்கூடம் போறான். கை கழுவுவது பாதியாகக் குறைந்திருக்கிறது. அடுத்த திங்கள் டாக்டரைப் பார்க்கணும். தங்கை கம்மலை எடுத்து வைத்திருக்கிறாள்.

- ஒரு வாசகி, சங்கரன்கோவில்.