கண்புரைக்கு லேசர் அறுவை: துல்லியம் எதைப் பொறுத்தது?
சந்தேகங்களும் விளக்கங்களும்

கண்புரை அறுவைக்காக நீலகிரியிலிருந்து கோவைக்கு இறங்குவோரிடம், வழக்கமான முறையா, லேசர் முறையா என்ற கேள்வி தனியார் மருத்துவமனைகளில் முன்வைக்கப்படுகிறது. லேசருக்குக் கட்டணம் கூடுதல். 'லேசர் என்றாலே துல்லியம்' என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், அந்தத் துல்லியத்துக்குப் பல நிபந்தனைகள் உண்டு.

புரையை லேசரே கரைத்து எடுத்துவிடுமா?

இல்லை. 'ஃபெம்டோசெகண்ட்' எனப்படும் இந்த லேசர், கருவிழியின் ஓரத்தில் கீறல் இடுவது, லென்ஸ் உறையில் சுமார் 5 மி.மீ. விட்டத்தில் வட்டமாகத் திறப்பது, புரை படிந்த லென்ஸைத் துண்டாக்குவது ஆகிய தொடக்கக் கட்டங்களை மட்டுமே செய்கிறது. துண்டுகளை உறிஞ்சி எடுப்பதையும் செயற்கை லென்ஸ் பொருத்துவதையும் வழக்கமான 'ஃபேகோ' முறையில் மருத்துவரே செய்கிறார். கண்புரைக்கு இந்த லேசரை 2008-ல் முதன்முதலாகப் பயன்படுத்தியவர் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரைச் சேர்ந்த டாக்டர் ஜோல்டான் நாகி.

அறுவை முடிந்து சில மாதங்களில் மீண்டும் மங்கினால் செய்யப்படும் லேசரும் இதுதானா?

அது வேறு. செயற்கை லென்ஸுக்குப் பின்னால் உள்ள உறை மங்கும்போது, 'யாக்' லேசர் மூலம் அதில் சிறு திறப்பு இடப்படுகிறது.

எல்லோருடைய கண்ணிலும் லேசர் ஒரே துல்லியத்துடன் வேலை செய்யுமா?

செய்யாது. லேசர் என்பது ஒளி. அது கருவிழி வழியாகச் சென்று, குறித்த ஆழத்தில் ஒரு புள்ளியில் குவிந்தால்தான் திசுவைப் பிரிக்கும். தோட்ட வேலையின்போது குச்சி குத்தி ஏற்பட்ட பழைய தழும்பு, கருவிழி வீக்கம், கருவிழியின் மேல் படர்ந்த சதை வளர்ச்சி ஆகியவை வழியில் இருந்தால் ஒளி சிதறி, அந்த இடத்தில் வெட்டு முழுமை பெறாது. உறையில் சிறு பகுதி வெட்டுப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தால், அதைப் பிரிக்கும்போது உறை கிழியும் அபாயம் உண்டு என்பதால், அறுவைக்கு முந்தைய கருவிழிப் பரிசோதனை மிக முக்கியமானது.

பாப்பா விரிய சொட்டு மருந்து விடுவது ஏன்?

பாப்பாவின் ஓரத்தில் உள்ள கருந்திரையை ஊடுருவி லேசரால் வெட்ட முடியாது. எனவே 5 மி.மீ. திறப்பு இட வேண்டுமானால் பாப்பா அதைவிட அகலமாக விரிந்திருக்க வேண்டும். நீண்ட காலச் சர்க்கரை நோயாளிகளுக்கும், சிறுநீர்ப் பிரச்னைக்கு 'டாம்சுலோசின்' மாத்திரை உட்கொள்வோருக்கும் பாப்பா போதிய அளவு விரியாமல் போகலாம். உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் விவரத்தையும் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்; மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.

லேசரின்போது கண் அசைந்துவிட்டால்?

கருவியின் முனை, கண்ணின் மேல் உறிஞ்சு விசையால் பொருத்தப்படுகிறது. அது சாய்வாகப் பொருந்தினாலும், இடையில் காற்றுக்குமிழி புகுந்தாலும், அழுத்தத்தால் கருவிழியில் மடிப்பு விழுந்தாலும் கதிர் குவியும் இடம் மாறும். பிடி நழுவினால் லேசர் நிறுத்தப்படும். கண்ணில் அழுத்தம் கூடும் என்பதால், முற்றிய கண்நீர் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு இம்முறை பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது.

சிலிண்டர் பவரைச் சரிசெய்யும் 'டோரிக்' லென்ஸ் வைத்தால் லேசர் கட்டாயமா?

கட்டாயமில்லை, லென்ஸ் சரியான கோணத்தில் அமர்வதே கட்டாயம். கோணம் 1 டிகிரி விலகினால் திருத்தத்தில் சுமார் 3 சதவீதம் குறையும். 10 டிகிரி விலகினால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 30 டிகிரியில் பயனே இராது. உட்கார்ந்திருப்பவர் படுக்கும்போது கண் சில டிகிரி சுழல்வது இயல்பு. இதற்காகவே, நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது கண்ணில் குறியிடப்படுகிறது அல்லது படம் எடுக்கப்படுகிறது.

லேசர் செய்த பிறகும் சிலருக்குக் கண்ணாடி தேவைப்படுவது ஏன்?

பார்வையின் இறுதித் துல்லியத்தைத் தீர்மானிப்பதில் லேசரைவிட முன்னளவீட்டின் பங்கே பெரிது. கண்ணின் நீளத்தை அளப்பதில் 1 மி.மீ. பிழை நேர்ந்தால், லென்ஸ் பவரில் ஏறத்தாழ 2.5 முதல் 3 டயாப்டர் வரை தவறும். புரை மிகவும் முற்றியிருந்தால் ஒளிமுறைக் கருவியால் நீளத்தை அளக்க முடியாமல், ஒலியலை முறையை நாட வேண்டியிருக்கும். ஒற்றைக் குவிய லென்ஸ் பொருத்தப்பட்டவர்களுக்கு, அளவு சரியாக இருந்தாலும் படிக்கக் கண்ணாடி தேவைப்படும்.

உதகையின் குளிரும் மூடுபனியும் துல்லியத்தைப் பாதிக்குமா?

நோயாளி வசிக்கும் இடத்தின் தட்பவெப்பம் லேசரை நேரடியாகப் பாதிக்காது. கருவி இருக்கும் அறையில்தான் வெப்பமும் ஈரப்பதமும் வரம்புக்குள் இருக்க வேண்டும். ஆனால் குளிர்காற்றாலும் விறகடுப்புப் புகையாலும் கண் உலர்ந்தால், கண்ணீர்ப் படலம் சீரற்றுப்போய் கருவிழியின் வளைவு தவறாகப் பதிவாகும். உலர்வு இருப்பின் முதலில் அதற்குச் சிகிச்சை பெற்று, பின்னர் அளவெடுப்பதே முறை. கான்டாக்ட் லென்ஸ் அணிவோர் அளவெடுப்புக்கு முன் மென் லென்ஸை 1 முதல் 2 வாரமும், கடின லென்ஸை 3 முதல் 4 வாரமும் தவிர்க்குமாறு பொதுவாக அறிவுறுத்தப்படுகின்றனர்.

கோவையில் அறுவை முடிந்ததும் மலை ஏறலாமா?

சிக்கலற்ற கண்புரை அறுவைக்குப் பின், மருத்துவர் அனுமதித்ததும் மலைப் பயணத்துக்குத் தடையில்லை. விழித்திரை அறுவையில் கண்ணுக்குள் வாயு நிரப்பப்பட்டிருந்தால் நிலைமை வேறு. சுமார் 410 மீட்டர் உயரத்திலுள்ள கோவையிலிருந்து 2,240 மீட்டர் உயர உதகைக்கு வந்தால், காற்றழுத்தம் குறைந்து அந்த வாயு ஏறத்தாழ கால் பங்கு விரிய முற்படும். கண் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயர்ந்து பார்வையே பறிபோகலாம். வாயுவின் வகையைப் பொறுத்து அது கரைய சில நாள்கள் முதல் 8 வாரம் வரை ஆகும் என்பதால், அதுவரை சமவெளியிலேயே தங்க நேரிடலாம். மலையில் வசிப்பதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் தெரிவிப்பது அவசியம்.

லேசர் செய்தால் பார்வை கூடுதலாகக் கிடைக்குமா?

உறைத் திறப்பின் வட்டம் சீராக அமைகிறது என்பது உண்மை. ஆனால் பிரான்சில் 5 பல்கலைக்கழக மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு, 2020-ல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வில், வழக்கமான ஃபேகோவைவிட லேசருக்குப் பலன் கூடுதல் என்று நிறுவப்படவில்லை. செலவுக்கு ஏற்ற பயனும் காணப்படவில்லை. பிரிட்டனில் 785 பேரிடம் நடந்த ஆய்வும் இதே முடிவுக்கு வந்தது. லேசருக்குப் பணம் இல்லை என்பதற்காக அறுவையையே தள்ளிப்போடத் தேவையில்லை.

காப்பீடு கிடைக்குமா?

பாலிசியைப் பொறுத்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 'ஆரோக்கிய சஞ்சீவனி' பாலிசியில், கண்புரைக்கு 24 மாதக் காத்திருப்பு உண்டு. ஒரு கண்ணுக்குக் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது ரூ.40,000, இவற்றில் எது குறைவோ அதுவே உச்சவரம்பு. அதாவது ரூ.1 லட்சம் பாலிசிக்கு ரூ.25,000 வரைதான். மீதித் தொகை நோயாளியின் பொறுப்பு என்பதால், அனுமதி பெறும் முன் எழுத்துபூர்வமான செலவு மதிப்பீடு பெறுவது நல்லது.

வசதியில்லாதவர்களுக்கு வழி என்ன?

1976-ல் தொடங்கிய தேசிய பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் கீழ், அரசு மருத்துவமனைகளில் செயற்கை லென்ஸுடன் கூடிய கண்புரை அறுவை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. இதில் லேசர் இடம்பெறாது, தேவையும் இல்லை.